கே.பி.எஸ். பாடிய நந்தன்

(கோவையில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



இசையும் சாதியும் பற்றிப் பேசச் சொன்னார்கள். பெரிய விஷயம். பகலெல்லாம் வங்கிக் கவுண்டரில் கணக்கெழுதி, ராத்திரி கவிதை எழுதுகிறவன் நான். அவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு மணி நேரத்தில் கொட்டி முடிக்க என்னால் ஆகாது. அதனால் ஒரே ஒரு குரலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள்.

இங்கே உட்கார்ந்திருக்கிற தோழர்கள் சிலருக்கு முகம் சுருங்குவது தெரிகிறது. காங்கிரசுக்குப் பாடியவர், முருகனுக்குப் பாடியவர், பட்டை பட்டையாகத் திருநீறு பூசியவர். அவரை எதுக்குங்க இந்த மேடையில பேசணும்? நியாயமான கேள்விதான். பதிலும் சுலபமானதுதான். நம்ம ஊர்ப் பக்கம் கோயில் நோம்பி சாட்டினால் விடிகாலையில் ஒலிபெருக்கியில் முதலில் வருவது அந்தக் குரல். ஊர் எல்லையில் நிற்காமல் நேராகச் சேரிக்குள் வருகிறது. நம்ம ஆத்தா சாணி கரைத்து வாசல் தெளிக்கும்போது கேட்கிறது, நம்ம பிள்ளை பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதும் கேட்கிறது. கோயில் நமக்குத் திறந்திருக்கிற ஊரிலும் கேட்கிறது, திறக்காத ஊரிலும் கேட்கிறது. கேட்டே வளர்ந்திருக்கிறோம். அப்படியானால் அந்தக் குரல் எங்கிருந்து வந்தது, என்ன விலை கொடுத்து வந்தது என்று தெரிந்துகொள்வது நம்ம வேலைதானே?

இன்னொரு காரணமும் இருக்கிறது. அவர் நந்தனாக வேடம் கட்டியவர். 1935-இல். அதைப் பற்றித்தான் இன்றைக்கு முக்கியமாகப் பேசப் போகிறேன்.

ஐரோப்பாவில் ஓபரா என்று ஒரு கலை உண்டு. கதை முழுக்கப் பாட்டாகவே நடக்கும். காதலும் பாட்டு, கொலையும் பாட்டு, சாவும் பாட்டு. ஒலிபெருக்கி கிடையாது. முழு வாத்தியக் குழுவையும் தாண்டிக் கடைசி வரிசையில் இருப்பவன் காதில் குரல் விழ வேண்டும். அதற்கு ராஜாக்கள் கட்டிக் கொடுத்த மாளிகை மாதிரி அரங்கங்கள் இருந்தன.

நமக்கு இருந்தது கீற்றுக் கொட்டகை. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிக் கொடுத்த வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், நல்லதங்காள், சத்தியவான் சாவித்திரி. ராத்திரி தொடங்கினால் விடியும் வரை. ஓரத்தில் ஆர்மோனியம், மிருதங்கம். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன். ஸ்பெஷல் நாடகம் என்றால் இன்னும் விசேஷம். கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. மதுரையிலிருந்து ஒருவர், திருச்சியிலிருந்து ஒருவர் என்று வந்து இறங்கி அன்றைக்கு ராத்திரி மேடையில்தான் ஒருவரை ஒருவர் சந்திப்பார்கள். தர்க்கம் வந்தால் பாட்டிலேயே பதில் சொல்ல வேண்டும். குரல் எடுபடவில்லையென்றால் ஜனம் எழுந்து போகாது, எழுந்து நின்று கத்தும். இதுதான் தமிழனுடைய ஓபரா. மாளிகை இல்லாத ஓபரா. பாடுகிறவனுக்கு மரியாதையும் இல்லாத ஓபரா. 'கூத்தாடி' என்கிற சொல்லை இன்றைக்கும் வசவாகத்தானே வைத்திருக்கிறோம்.

அந்த மேடையின் மிகப் பெரிய குரல்களில் ஒன்று நம்ம கொங்குச் சீமையிலிருந்து போனது.

கொடுமுடி தெரியும் இல்லீங்களா? காவிரிக்கரை. மகுடேசுவரர் கோயில். ஈரோட்டிலிருந்து கரூர் போகிற ரயில் பாதை. இன்றைக்கு ஈரோடு மாவட்டம். அன்றைக்குக் கோயம்புத்தூர் மாவட்டம்தான். அங்கே 1908-இல் பிறந்தார். கே.பி. என்பதில் 'கே' கொடுமுடி, 'பி' அம்மா பாலாம்பாள். தலைப்பெழுத்தில் அம்மா பெயர். இதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். வறுமை. சாதாரண வறுமையல்ல, சோற்றுக்கே வழியில்லாத வறுமை. சின்னப் பெண் ரயிலில் பாடிக் காசு வாங்கியதாகச் சொல்றாங்க.

அந்தக் குரலைக் 'கண்டுபிடித்த' கதை இரண்டு விதமாகச் சொல்லப்படுகிறது. ரயில்வே அதிகாரியும் நாடகக்காரருமான எஃப்.ஜி. நடேச அய்யர் ரயிலில் கேட்டு நாடகத்துக்குக் கொண்டுபோனார் என்று ஒரு கதை. கரூரில் இருந்த ஒரு போலீஸ் அதிகாரி கேட்டு அனுப்பிவைத்தார் என்று இன்னொரு கதை. இரண்டு கதையிலும் பொதுவாக இருப்பது எது? உத்தியோகத்தில் இருக்கிற ஒரு மேல்சாதி ஆணின் காதில் அந்தப் பாட்டு விழுந்தது. விழுந்திருக்காவிட்டால்? கே.பி.எஸ். என்று ஒருவர் நமக்குக் கிடையாது. கொடுமுடி ரயிலடியில் பாடிய ஒரு பிச்சைக்காரப் பெண்ணாக முடிந்திருப்பார். திறமை என்பது பொத்திவைத்தாலும் வெளியே வந்துவிடும் என்று நமக்குச் சொல்லித் தருகிறார்கள். பொய்ங்க. திறமை வெளியே வர ஒரு காது வேண்டும். அந்தக் காது எந்தத் தெருவில் நடக்கிறது, எந்தத் தெருவில் நடப்பதில்லை என்பதுதான் சாதி.

1917 வாக்கில் வேலு நாயர் நாடகக் கம்பெனியில் சேர்க்கிறார்கள். முதலில் பேர் வாங்கிக் கொடுத்தது நல்லதங்காளின் பிள்ளை வேடம். நல்லதங்காள் கதை உங்களுக்குத் தெரியும். பஞ்சத்தில் அண்ணன் வீடு தேடிப் போய், அண்ணி விரட்டி, ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்து சாகிறாளே, அந்த நல்லதங்காள். அதில் பசியால் அழுகிற பிள்ளை. பசியை நேற்று வரை தின்று வளர்ந்த குழந்தை, மேடையில் பசிக்கிறது என்று பாடியது. கொட்டகை அழுதது. அழுத ஜனம் யார் தெரியுமா? முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தவன் மட்டுமில்லை. தரை டிக்கெட் வாங்கி மணலைக் கூட்டி மேடாக்கி உட்கார்ந்தவன், பஞ்சம் என்றால் என்ன என்று தெரிந்தவன். அவனுடைய அழுகைதான் அந்தப் பெண்ணை நட்சத்திரமாக்கியது.

அப்புறம் வளர்ச்சி வேகமாக நடக்கிறது. ஸ்திரீபார்ட் மட்டுமில்லை, ராஜபார்ட்டும் கட்டினார். ஆண்கள் பெண் வேடம் கட்டிக்கொண்டிருந்த மேடையில் ஒரு பெண் ஆண் வேடம் கட்டி ஆணுடைய சுருதியில் பாடினார். கடல் தாண்டி இலங்கைக்கும் போனார். 1926-இல் கொழும்பில் செங்கோட்டை கிட்டப்பாவைச் சந்திக்கிறார். கிட்டப்பா பிராமணர், பெரிய பாடகர், ஏற்கெனவே கல்யாணம் ஆனவர். இரண்டு பேரும் சேர்ந்து வள்ளி திருமணம் ஆடினால் ஊர் திரண்டது. 1927-இல் கல்யாணம். அந்த வாழ்க்கை ஆறு வருஷம் நீடித்தது. அதிலும் பாதி பிரிவு. பிறந்த குழந்தையும் தங்கவில்லை. கிட்டப்பாவின் குடி, உடல்நலக் கேடு, சந்தேகம், குடும்பத்தார் எதிர்ப்பு. கே.பி.எஸ். அவருக்கு எழுதிய கடிதங்கள் பிற்பாடு அச்சில் வந்தன. அவற்றில் சண்டையும் இருக்கிறது, ஏக்கமும் இருக்கிறது. எத்தனை ஊர் கைதட்டினாலும் வீட்டுக்குள் தன் இடத்தைக் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருந்த ஒரு பெண்ணின் எழுத்து அது.

1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்துபோனார். அவருக்கு 27 வயது. கே.பி.எஸ்.சுக்கு 25.

இங்கேதான் அந்த வெள்ளைப் புடவை வருகிறது. நகையைக் கழற்றினார். வெள்ளைக் கதர் கட்டினார். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு செய்தார். 1980-இல் சாகும் வரை அதில் மாற்றமில்லை. இதைத் 'தெய்வீகக் காதல்' என்று பத்திரிகைகள் எழுதி எழுதிப் பூஜை செய்தன. அவருடைய துக்கத்தை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் சமூகம் அந்தத் துக்கத்தை என்ன செய்தது என்று பார்க்கணும். அதுவரை 'நாடகக்காரி'. வெள்ளை உடுத்தியபின் 'அம்மா'. குரல் அதேதான். சுருதி அதேதான். ஒரு பெண்ணின் குரலை மரியாதையோடு கேட்க வேண்டுமென்றால், முதலில் அவள் இளமையைக் கழற்றி வைக்க வேண்டும் என்பது இந்தச் சமூகத்தின் எழுதாத சட்டம்.

இந்தச் சட்டத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது நந்தனுக்கு வருவோம்.

கிட்டப்பா இறந்தபின் கே.பி.எஸ். மேடையை விட்டு ஒதுங்கியிருந்தார். அசந்தாஸ் என்கிற படமுதலாளி நந்தனார் கதையைப் பேசும்படமாக எடுக்க வந்தார். கே.பி.எஸ்.சுக்கு விருப்பமில்லை. ஆளை விரட்டுவதற்காக ஒரு லட்சம் ரூபாய் கேட்டார் என்று சொல்லப்படுகிறது. அசந்தாஸ் சரி என்றுவிட்டார்! 1935-இல் ஒரு லட்சம். தினமும் லட்சங்களை எழுதுகிறவன் நான், கை கூசாமல் எழுதுவேன். ஆனால் அன்றைக்குப் பல படங்களுக்கு மொத்தச் செலவே அவ்வளவு ஆகாது. ஒரு நடிகருக்கு அப்படியொரு சம்பளம் கேள்விப்படாதது. ரயிலில் காசுக்குக் கையேந்திய கை, பதினெட்டு வருஷத்துக்குள் தன் விலையைத் தானே எழுதியது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. நந்தன் கதையில் நந்தன் கேட்பது அனுமதி. 'நாளைக்குப் போகட்டுமா?' என்று ஆண்டையிடம் கேட்டுக் கேட்டே நாள் கழிகிறது. நந்தனாக நடித்தவர் கேட்டது அனுமதியல்ல, கூலி. அதுவும் தானே நிர்ணயித்த கூலி. வேடத்துக்கும் வேடம் கட்டியவருக்கும் இடையில் இருக்கிற இந்த வித்தியாசம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சரி, அந்த வேடம் என்ன வேடம்?

பெரியபுராணத்தில் சேக்கிழார் பாடிய திருநாளைப்போவார் ஆதனூர்ப் புலைப்பாடியைச் சேர்ந்தவர். அவருடைய தொண்டு என்ன தெரியுமா? கோயில் முரசுகளுக்குப் போர்த்தத் தோல் கொடுத்தார். இழுத்துக் கட்ட வார் கொடுத்தார். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுத்தார். அதாவது கோயிலுக்குள் ஒலிக்கிற இசை முழுக்க நந்தன் கைபட்டது. தோல் உள்ளே போகும், நரம்பு உள்ளே போகும், நாதம் உள்ளே போகும். நந்தன் வெளியே. பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுதிவைத்த இந்த ஏற்பாடு இன்றைக்கும் மாறினதா? மிருதங்கம் செய்கிறவர்களில் பெரும்பாலோர் யார்? மாட்டுத்தோலை வாங்கிப் பதம் பார்த்து, வார் பிடித்து, கட்டிக் கொடுக்கிற தலித்துகள், தலித் கிறித்தவர்கள். அவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020-இல் புத்தகம் எழுதினார். வெளியீட்டுக்கு முதலில் இடம் தர ஒப்புக்கொண்ட கலாக்ஷேத்ரா, பின்னால் அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. வாத்தியத்துக்கு அரங்கில் இடம் உண்டு. அதைச் செய்தவன் பெயர் எழுதின புத்தகத்துக்கு இடமில்லை.

பெரியபுராணத்து நந்தனுக்குப் பண்ணையார் கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி கீர்த்தனையாகப் பாடும்போதுதான் வேதியர் என்கிற ஆண்டை வருகிறார். பாரதி தஞ்சைப் பண்ணை அடிமைத்தனத்தைக் கண்ணால் பார்த்தவர். அதனால்தான் அந்தப் பாட்டில் உயிர் இருக்கிறது. மறுக்கவில்லை. ஆனால் பிரச்சினையை எப்படித் தீர்க்கிறார்? நாற்பது வேலி நிலத்தில் நட்டு அறுத்துவிட்டு வந்தால் போகலாம் என்கிறார் வேதியர். ஒரே ராத்திரியில் சிவனுடைய பூதகணங்கள் வந்து பயிரை விளைத்துக் கொடுத்துவிடுகின்றன. கூலிக்காரன் உழைப்பு அற்புதமாகிவிட்டது. ஆண்டைக்கு நெல் போய்ச் சேர்ந்துவிட்டது. நிலம் யாருடையது என்கிற கேள்வி எழவே இல்லை. அதே கீர்த்தனையில் சேரியின் பெரிய கிழவன் என்று ஒரு பாத்திரம் உண்டு. நமக்கென்று சாமி இருக்கும்போது சிதம்பரத்துக்கு எதுக்குப் போறே, வேலை கெட்டுப்போகும், அடி விழும் என்று கேட்கிறான். அவனை அறியாதவனாகக் காட்டி ஜனத்தைச் சிரிக்க வைத்தார்கள். எனக்கென்னவோ அந்தக் கதையிலேயே நம்ம தெருக்காரன் மாதிரிப் பேசுகிற ஒரே ஆள் அவன்தான் என்று படுகிறது.

கடைசியில் தில்லை. தீ வளர்க்கச் சொல்லி இறைவனே தில்லைவாழ் அந்தணர் கனவில் வந்து சொல்கிறாராம். நந்தன் தீக்குள் இறங்குகிறான். எப்படி வெளியே வருகிறான்? முனிவராக. மார்பில் பூணூலோடு. புலையன் கோயிலுக்குள் போனான் என்பதல்ல அந்தக் கதை. புலையன் எரிந்து, பூணூல் போட்ட ஒருவன் உள்ளே போனான் என்பதே கதை.

இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெண் குரல் உள்ளே வர வெள்ளைப் புடவை. நந்தன் உள்ளே வரத் தீ. உள்ளபடியே யாரும் உள்ளே வர முடியாது. வருகிறவர் முதலில் தன்னை அழித்துக்கொள்ள வேண்டும். இந்துச் சமூகம் இதற்குப் 'பக்தி' என்று பெயர் வைத்தது. தன்னை அழித்துக்கொண்ட ஒருவர் இன்னொருவருடைய அழிவைப் பாடினார். அதனால்தான் அந்தக் குரலில் ஒரு கனல் இருக்கிறது என்று நினைக்கிறேன். இது கவிஞன் பேச்சு, ஆய்வாளன் பேச்சல்ல. ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம்.

'பக்த நந்தனார்' 1935-இல் வந்தது. கே.பி.எஸ். நந்தன். வேதியராக நடித்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாத அய்யர். அவ்வளவு செலவு செய்தும் படம் ஓடவில்லை. இன்றைக்கு அதன் பிரதியும் கிடைப்பதில்லை.

அந்த 1935-ஐக் கொஞ்சம் நின்று பாருங்கள். தமிழ்நாட்டுத் திரையில் ஒரு நந்தன் கோயிலுக்குள் போக உருகிக்கொண்டிருக்கிறான். மராட்டியத்தில் 1930 மார்ச்சில் நாசிக் காலாராம் கோயில் வாசலில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் தொடங்கிய போராட்டம் வருஷக்கணக்காக நடந்தும் கதவு திறக்கவில்லை. 1935 அக்டோபர் 13. அதே நாசிக் மாவட்டத்து இயோலா. இந்துவாகப் பிறந்துவிட்டேன், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அண்ணல் அறிவிக்கிறார். ஒரே வருஷம், தோழர்களே. ஒரு நந்தன் தீக்குள் இறங்குகிறான். இன்னொரு நந்தன் தீ மூட்டியவனைத் திரும்பிப் பார்த்து, உன் வீடே எனக்கு வேண்டாம் என்று வெளியேறுகிறான். சினிமாக் கொட்டகையில் அழுதவர்களுக்கு இயோலா கேட்டிருக்காது. மதுரை மீனாட்சி கோயில் திறந்ததே 1939 ஜூலை 8-இல்தான். சென்னை மாகாணம் முழுமைக்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் 1947-இல்தான். அதாவது நந்தனைப் பார்த்து ஊர் கண்ணீர் விட்ட வருஷத்தில், நிஜ நந்தன் ஒருவன் கோயில் வாசற்படியில் கால் வைத்திருந்தால் உதை விழுந்திருக்கும்.

இன்னொரு கேள்வி. நந்தன் வேடத்தை யார் கட்டலாம்? 1935-இல் ஒரு பெண் கட்டினார். 1942-இல் ஜெமினி எடுத்த 'நந்தனா'ரில் ஓதுவார் மரபில் வந்த தண்டபாணி தேசிகர் கட்டினார். நாடக மேடையில் எத்தனையோ பேர் கட்டினார்கள். எல்லோரும் கட்டலாம். ஆதனூர்க்காரன் மட்டும் கட்டவில்லை. அவன் நடித்தால் அது நடிப்பாக இருக்காது, அதுதான் பயம்.

இது நமக்கு மட்டும் நடந்ததில்லை. வெர்டியின் 'ஒத்தெல்லோ' ஓபராவில் நாயகன் கறுப்பன். தலைமுறை தலைமுறையாக வெள்ளைக்காரப் பாடகர்கள் முகத்தில் மை பூசிக்கொண்டு பாடினார்கள். நியூயார்க்கின் பெரிய ஓபரா அரங்கமான மெட்ரோபாலிட்டன் அந்த மையை விட்டது 2015-இல்தான். அந்த நாட்டில் மரியன் ஆண்டர்சன் என்று ஒரு கறுப்பினப் பாடகி. 1897-இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தவர். ஐரோப்பா முழுக்க அவரைக் கொண்டாடியது. சொந்த நாட்டுத் தலைநகரில் 1939-இல் ஓர் அரங்கம் அவருக்குக் கதவடைத்தது. காரணம் நிறம். அந்த ஆண்டு ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு, லிங்கன் நினைவகப் படிக்கட்டில் நின்று திறந்தவெளியில் பாடினார். கேட்க வந்தவர்கள் 75,000 பேர். மெட்ரோபாலிட்டன் மேடையில் ஒரு கறுப்பினப் பாடகி பாத்திரமேற்றுப் பாட 1955 ஜனவரி 7 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது ஆண்டர்சனுக்கு 57 வயது. குரலின் உச்சம் கடந்துவிட்டது. கொடுத்த வேடம் ஒரு குறிசொல்லும் சூனியக்காரி. ஆனாலும் ஒன்று கவனிக்கணும். அவர் தீக்குளித்துவிட்டு உள்ளே போகவில்லை. கறுப்பாகவே போனார். கறுப்பாகவே நின்றார். அந்த ராத்திரிக்குப் பிறகு வந்த கறுப்பினப் பாடகிகளுக்குக் கதவு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

நம்ம பக்கம் அந்தக் கதவு எங்கே? இதைக் கேட்டால், கே.பி.எஸ். ஏழை, பெண், அவரே ஜெயிக்கவில்லையா என்பார்கள். ஜெயித்தார். 1937 தேர்தலில் காங்கிரசுக்காக ஊர் ஊராகப் பாடினார். 1951-இல் சென்னை சட்டமேலவை உறுப்பினரானார். இந்தியாவில் சினிமாவிலிருந்து சட்டமன்றத்துக்குள் போன முதல் ஆள் அவர்தான் என்று சொல்லப்படுகிறது. பிற்பாடு போனவர்கள் கதை உங்களுக்குத் தெரியும். 1953-இல் 'ஔவையார்'. 1964-இல் 'பூம்புகா'ரில் கவுந்தியடிகள். 1965-இல் 'திருவிளையாட'லில் மறுபடி ஔவையார். 1973-இல் 'காரைக்கால் அம்மையார்'. 1969-இல் வந்த 'துணைவன்' படப் பாட்டுக்குத் தேசிய விருது. 1970-இல் பத்மஸ்ரீ. கொடுமுடியில் தன் பெயரிலேயே ஒரு சினிமாக் கொட்டகை கட்டினார். ரயிலில் பாடிய பெண், அந்த ரயில் நிற்கிற ஊரில் கொட்டகை முதலாளி. யாராலும் மறுக்க முடியாத வெற்றி.

ஆனால் அந்த வேடங்களை வரிசையாகப் பாருங்கள். நந்தன், ஔவை, கவுந்தியடிகள், காரைக்கால் அம்மையார். பறையன், கிழவி, துறவி, பேயுரு எடுத்தவள். உடம்பு வேண்டாத வேடங்கள். உடம்பை எரித்தவர்கள், உதறியவர்கள், முதுமையை வரமாகக் கேட்டவர்கள். காரைக்கால் அம்மையார் அழகைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பேயாகிறார். 25 வயதில் விதவையான ஒரு மகா கலைஞருக்கு இந்தச் சமூகம் விட்டுவைத்த இடம் அவ்வளவுதான். அந்தக் குறுகிய இடத்துக்குள் நின்று அவர் வானம் அளவு பாடினார் என்பது அவருடைய பெருமை. இடம் குறுகியது என்பது நம்முடைய விமர்சனம். இரண்டையும் சேர்த்தே சொல்லணும். ஒன்றை மட்டும் சொன்னால் அது பூஜை, அல்லது வசவு.

இனி நமக்கு என்ன வேலை என்பதைச் சொல்லி முடிக்கிறேன்.

நந்தனைக் கோபாலகிருஷ்ண பாரதிக்கும் சினிமாவுக்கும் விட்டுவிட முடியாது. விடவுமில்லை நம்ம முன்னோர். அயோத்திதாசப் பண்டிதர் நந்தனைப் பௌத்த அரசனாக எழுதினார். வந்தேறிய வேஷதாரிகள் சூழ்ச்சியால் அவனைக் கொன்றார்கள் என்றார். அடிமை நந்தனுக்கு எதிராக அரச நந்தனை நிறுத்தினார். சுவாமி சகஜானந்தா அதே சிதம்பரத்தில், 1916-இல், நந்தன் பெயரில் பள்ளிக்கூடம் தொடங்கினார். நந்தன் எரிந்ததாகச் சொல்லப்படுகிற ஊரில் நந்தன் பெயரில் பிள்ளைகள் எழுத்துப் படித்தார்கள். அடுப்பெரிந்தது, சோறு வெந்தது, பாடம் நடந்தது. தீயை இப்படியும் பயன்படுத்தலாம் என்று காட்டினார். இதற்கு நடுவில் 1968 டிசம்பர் 25-இல் அதே தஞ்சைச் சீமையின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட சேரியின் 44 உயிர்களைக் குடிசையோடு எரித்தார்கள். அந்தத் தீயிலிருந்து யாரும் பூணூலோடு வெளியே வரவில்லை. நந்தன் கதையைக் கேட்டு இனி யாராவது உருகினால், கீழ்வெண்மணியைச் சொல்லுங்கள்.

கொங்குப் பகுதித் தோழர்களுக்குத் தனியாக ஒன்று. நம்ம அருந்ததியர் தெருக்களில் தப்பட்டையும் உறுமியும் முழங்காத வாரம் உண்டா? சாவுக்கு அடிக்கிறார்கள், சாமிக்கு அடிக்கிறார்கள். அந்தத் தெருவில் பாடுகிற பெண்கள் இல்லையா? ஒப்பாரி வைத்து ஒரு ஊரையே அழ வைக்கிற குரல்கள் இல்லையா? அந்தக் குரல்களின் அருகில் எந்த ரயில்வே அதிகாரியும் வந்து நிற்கவில்லை. வங்கிக்கு வருகிற மேளக்காரரிடம் விண்ணப்பப் படிவத்தில் 'தொழில்' என்கிற கட்டத்துக்கு என்ன எழுதட்டும் என்று கேட்டால், 'கூலின்னு போட்டுக்குங்க சாமி' என்கிறார். நாற்பது வருஷம் வாசித்த கை. தான் கலைஞன் என்று எழுதிக்கொள்ளக்கூட அந்தக் கட்டத்தில் தனக்கு உரிமையில்லை என்று நினைக்கிறது. நான் 'இசைக்கலைஞர்' என்று எழுதினேன். பெரிய புரட்சியில்லை, படிவத்தில் ஒரு சொல். ஆனால் சொல்லிலிருந்துதான் தொடங்கணும். கொடுமுடிப் பெண் ஒரு லட்சம் என்று சொன்னதும் முதலில் ஒரு சொல்தானே.

மாணவத் தோழர்கள் இந்த விடுமுறையில் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் ஊரில் தோல் பதப்படுத்தி வாத்தியம் கட்டிய பெரியவர்கள் யார், நாடகத்தில் வாசித்தவர்கள் யார், பாடிய கிழவிகள் யார் என்று போய்க் கேட்டு எழுதுங்கள். பெயர், ஊர், யாரிடம் கற்றார், எவ்வளவு கூலி வாங்கினார், கொட்டகையில் எந்தப் பக்கம் உட்கார்ந்தார். குரலைப் பதிவு செய்யுங்கள். கே.பி.எஸ்.சுக்கு இசைத்தட்டு இருந்தது, அதனால் இன்றைக்கும் இருக்கிறார். நம்ம கிழவிகளுக்கு உங்கள் கைப்பேசிதான் இசைத்தட்டு. 2018 ஜனவரியில் சென்னையில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடை ஏறியபோது, கானாவைப் பாடிய பிள்ளைகள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, யாருடைய வேடத்தையும் கட்டவில்லை. சொந்த முகத்தோடு நின்றார்கள். மெட்ரோபாலிட்டன் மேடையில் ஆண்டர்சன் நின்ற மாதிரி.

கே.பி.எஸ். நம்மவரா என்று யாராவது கேட்டால், சேரியில் பிறந்தவரல்ல என்று சொல்லுங்கள். பசியிலிருந்து வந்தவர், அம்மாவின் பெயரைத் தலைப்பெழுத்தாகச் சுமந்தவர், தன் கூலியைத் தானே சொன்னவர் என்றும் சொல்லுங்கள். அவர் பாடிய நந்தன் நம்மவனா என்று கேட்டால், இல்லை என்று தயங்காமல் சொல்லுங்கள். நம்ம நந்தன் தீக்குள் இறங்கமாட்டான். அவனிடம் தோல் இருக்கிறது, வார் இருக்கிறது, நரம்பு இருக்கிறது. வாத்தியத்தை அவனே கட்டிக்கொள்வான். பாட்டையும் அவனே பாடுவான்.